"பாடு பூடும்" என்றார் அந்த அண்ணன்

போன ஐப்பசி கடைசியில, தீபாவளி வியாபாரமெல்லாம் ஓய்ஞ்சு கடைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சப்போ, எண்ணூர் கழிமுகத்துல நடந்த விஷயம் இது. நான் ஊர்க் கதையெல்லாம் உக்கார வெச்சுச் சொல்றவ. இதை மட்டும் எங்க வீட்டுக்காரர்கிட்டகூட பாதிதான் சொல்லியிருக்கேன்.

வண்ணாரப்பேட்டையில எங்களுக்கு லைனிங் துணிக் கடை. நான் பொறந்தது ராயபுரம், வாக்கப்பட்டது வண்ணாரப்பேட்டை. கடையில துணி எவ்வளவு இருக்கோ அதைவிட அதிகமா என் வாய் வியாபாரம் பண்ணும். நாலு கடை ஏறி இறங்கி சலிச்சுப் போய் வர்ற பொம்பளையை, "வாக்கா, முதல்ல உக்காரு, தண்ணி குடி"ன்னு ஆரம்பிச்சா, துணி வாங்காம படி இறங்க மாட்டாங்க. அடுத்தது கலர். ஜாக்கெட் பிட்டைக் கையில வாங்கிப் பார்த்தாலே எந்த லைனிங் பொருந்தும்னு சொல்லிடுவேன். ட்யூப் லைட்டுல ஒரு கலர், வெயில்ல ஒரு கலர்னு துணி எல்லாரையும் ஏமாத்தும், என்னை ஏமாத்த முடியாதுன்னு ஒரு திமிர் எனக்கு உண்டு.

பறவை பார்க்கிற பைத்தியமும் கடையிலதான் பிடிச்சுது. ஒரு டீச்சரம்மா செல்போன்ல மீன்கொத்திப் படத்தைக் காட்டி, "இந்த நீலத்துல லைனிங் இருக்குமா?"ன்னு கேட்டாங்க. துணியை அவங்க வாங்கிட்டுப் போனாங்க, பறவை என்னோட தங்கிடுச்சு. அவங்கதான் என்னை ஒரு குழுவுல சேர்த்து விட்டாங்க. லீவு நாள்ல அஞ்சாறு பேர் சேர்ந்து ஏரி, கழிமுகம்னு சுத்துவோம்.

அந்தக் குழுவுல வடசென்னைக்காரி நான் ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் ஊரோட அந்தக் கோடி. திருவொற்றியூர் தாண்டிட்டா அவங்களுக்கு நான்தான் எல்லாம். ஆட்டோ பேசறது, யார் வீட்டுலயாவது பாத்ரூம் கேக்கறது, "இங்க இன்னாத்துக்கு போட்டோ புடிக்கிறீங்க?"ன்னு சத்தம் போடுறவங்களைச் சமாளிக்கிறது, இதெல்லாம் என் டிபார்ட்மென்ட். அவங்ககிட்ட ஒரு தமிழ், எங்க ஏரியா ஆளுங்ககிட்ட ஒரு தமிழ்னு நான் மாத்தி மாத்திப் பேசறதை வாயைப் பொளந்து பார்ப்பாங்க. எனக்கும் அதுல ஒரு பெருமை, மறைப்பானேன்.

அன்னிக்கு விடியக்காலையில லோக்கல் ரயில் ஏறி எண்ணூர்ல இறங்கினேன். மத்தவங்க கார்ல வந்து பாலத்துக்குப் பக்கத்துல காத்திருந்தாங்க. முந்தின ரெண்டு நாளா நல்ல மழை. வானம் மூடிக்கிட்டு, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிங்களோட உச்சியே தெரியல. ஆத்தோரச் சேறு அங்க எப்பவும் சாம்பல் கலர்தான். அன்னிக்கு மழையில ஊறி இன்னும் கறுத்துக் கிடந்தது. நெட்டுக்குப்பத்துல இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கரையோரமா நடந்தோம். நெடுங்கால் உள்ளான், கடல்காகம், தூரத்துல நாலு கூழைக்கடான்னு வழக்கமா வர்றதுங்கதான் இருந்துச்சு.

அப்பதான் நான் அதைப் பார்த்தேன். ஆத்து நடுவுல ஒரு சேத்துத் திட்டு. அதுல தனியா ஒரு கொக்கு. கொக்குன்னா வெள்ளையாத்தானே இருக்கும்? இது ஸ்லேட்டுப் பலகை மாதிரி கருஞ்சாம்பல். தொண்டையில மட்டும் வெள்ளை.

கரைக்கொக்குன்னு ஒரு பறவை உண்டு. மேற்குக் கடற்கரையில சாதாரணமா பார்க்கலாம், நம்ம பக்கம் வர்றது அபூர்வம். உடம்பு கருஞ்சாம்பல், தொண்டை வெள்ளை. புத்தகத்துல அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை புரட்டியிருக்கேன். "கரைக்கொக்கு"ன்னு நான் சொன்னதும் எல்லாரும் பைனாகுலரைத் தூக்கினாங்க. எங்க கேமராக்காரர் ஒருத்தர் இருக்கார், முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வெச்சிருப்பார். அவர் மட்டும், "அலகு கறுப்பா தெரியுதே, மஞ்சளா இல்ல இருக்கணும்?"னு இழுத்தார். "அது சேறு ஒட்டிக்கிட்டிருக்கு சார். கலர் விஷயத்துல என்கிட்ட வராதீங்க"ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சரின்னுட்டார். ஆனா வெளிச்சம் பத்தல, தூரமும் ஜாஸ்தி. தண்ணி இறங்க இறங்க கொக்கு இரை தேடிக் கரைப்பக்கம் வரும், கொஞ்சம் வெளிச்சமும் வந்துட்டா தெளிவா ஒரு படம் எடுத்து முறைப்படி பதிவு பண்ணலாம்னு முடிவாச்சு.

அந்த நேரம் பார்த்து ஒரு படகு வந்தது. ஃபைபர் படகு, அதுல ஒரே ஒரு ஆள், காலடியில வலைக் குவியல், ரெண்டு மூணு கம்பு. நேரா அந்தத் திட்டை நோக்கித்தான் துடுப்புப் போட்டுக்கிட்டுப் போறார். போனா கொக்கு பறந்துடும். கேமராக்காரர் பதறிட்டார். நான் ரொம்ப நிதானமா, "இருங்க, நான் பேசிக்கறேன்"னேன்.

கரையில இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டேன். படகைத் திருப்பிக்கிட்டு வந்தார். என் வயசு இருக்கும், இல்ல ஒண்ணு ரெண்டு கூட இருக்கும். "இன்னா மேடம்?"னார்.

"மேடமாவது ஒண்ணாவது. நான் ராயபுரம்ணா, நம்மூரு பொண்ணு. ஒரு ஒத்தாசை பண்ணு. அத்தோ அங்க ஒரு பறவை கீது பாரு, அது ரொம்ப தொலவுலேர்ந்து வந்துகீது. இவங்க அல்லாம் அதைப் பாக்கத்தான் வந்துகீறாங்க. நீ போனா பறந்து பூடும். செத்த நேரம் கழிச்சுப் போண்ணா."

அவர் திட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இன்னிக்கு எம் பாடும்மா"ன்னார்.

ஐயோ பாவம், மனுஷன் தன் கஷ்டத்தைச் சொல்றார்னு நினைச்சேன். என் பாடு, உன் பாடுன்னு நாம தினமும் சொல்றோமே, அந்தப் பாடு. "பாடு யாருக்குத்தாண்ணா இல்ல? எம் பாட்டைக் கேட்டா நீ அழுதுருவ"ன்னேன். பின்னால நின்ன எங்க ஆளுங்க சிரிச்சாங்க. அவரும் சிரிச்ச மாதிரிதான் இருந்தது. படகைக் கரையில தட்டிட்டு, "சரி தங்கச்சி, செத்த நேரந்தான்"னு உக்காந்தார்.

மேடம்ல இருந்து தங்கச்சிக்கு வந்தாச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. ஃப்ளாஸ்க்ல இருந்து டீ ஊத்திக் குடுத்தேன், பைனாகுலரைக் குடுத்து கொக்கைப் பார்க்க வெச்சேன். எந்தப் பக்கம் திருகணும்னு காட்டினேன். "கறுப்பாத்தான் கீது"ன்னு அவரும் தலையை ஆட்டினார்.

செத்த நேரம்ங்கிறது நீண்டுக்கிட்டே போச்சு. கொக்கு நகரவே இல்ல. நின்ன இடத்துலயே நிக்குது. தண்ணி மட்டும் கடலைப் பார்த்து இறங்க ஆரம்பிச்சது. படகோட ஓரத்துல ஈரக்கோடு தெரிஞ்சுது. அவர் எழுந்தார், உக்காந்தார், திரும்ப எழுந்தார். என் பக்கத்துல வந்து தாழ்வான குரல்ல, "தண்ணி கடலுக்கு வாங்குது தங்கச்சி. பாடு பூடும்"னார்.

பூடும்னா எங்க பாஷையில போயிடும். கஷ்டம் போயிடும்னு தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கிறார் மனுஷன்னு நான் எடுத்துக்கிட்டேன். என் புத்தியை என்னத்தைச் சொல்ல. அவர் கையைத் தட்டிக் குடுத்து, "பூடும்ணா, கண்டிப்பா பூடும். வுடு, அதையே நெனச்சுக்கினு இருக்காதே"ன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ கேக்க வந்து விட்டுட்ட மாதிரி இருந்தது. அப்புறம் போய்ப் படகு விளிம்புல உக்காந்துட்டார். அதுக்கப்புறம் அவர் தண்ணியைப் பார்க்கவே இல்ல. நான் திரும்பி எங்க ஆளுங்களைப் பார்த்துக் கண்ணடிச்சேன்.

ஒரு வழியா மேகம் விலகி வெளிச்சம் வந்தது. கேமரா படபடன்னு அடிச்சது. எல்லாரும் எனக்குக் கை குடுத்தாங்க. அந்தச் சந்தோஷத்துல இருக்கும்போதுதான் கரை மேல ஒரு பொம்பளை வேகமா வந்தாங்க. தலையில ஈரச் சாக்குல சுத்தின ஐஸ், கையில பெரிய கூடையும் சோத்துத் தூக்கும். வந்தவங்க படகைப் பார்த்தாங்க. சுருட்டின வலை சுருட்டினபடியே இருக்கு. அந்த மனுஷனைப் பார்த்து, "இன்னாய்யா, இன்னும் வலை கட்டலியா?"ன்னாங்க. அவரோட வீட்டம்மா.

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இவங்க பறவை பாக்கறாங்க. தங்கச்சி நம்ம ராயபுரமாம், செத்த நேரம் இருக்கச் சொல்லுச்சு"ன்னார்.

அந்தம்மா ஐஸை இறக்கி வெச்சாங்க. என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. சத்தம் போடுவாங்கன்னு நான் தயாரா இருந்தேன், அதுக்குப் பதில்கூட என்கிட்ட இருந்தது. ஆனா அவங்க சாதாரணமாத்தான் கேட்டாங்க. "இன்னிக்கு எங்க பாடுன்னு இவரு உன்னாண்ட சொல்லலியா?"

"சொன்னாருக்கா. அவரு பாட்டைச் சொன்னாரு. யாருக்குத்தான் பாடு இல்ல?"

"இன்னாம்மா பேசற? பாடுன்னா மொறைம்மா. ஆத்துல இறால் படற எடம் கொஞ்சந்தான். அல்லாரும் ஒண்ணா வலை போட்டா அடிதடிதான் வரும். அதுக்குத்தான் இன்ன நாளு இன்ன வூட்டுதுன்னு வெச்சுக்கீறோம். இன்னிக்கு எங்க பாடு. தண்ணி வாங்க ஆரம்பிக்கும்போதே வலை கட்டணும். மழைத் தண்ணியோட இறால் கடலுக்கு எறங்கறது இந்தச் சமயந்தான். நாளைக்கு வேற வூட்டுப் பாடு. அல்லாரும் சுத்தி முடிச்சு எங்களாண்ட வர்றதுக்குள்ள ஒண்ணும் இருக்காது."

எம் பாடுன்னா என் முறை. பாடு பூடும்னா, முறை போயிடும். அந்த மனுஷன் பதறிப் போய் வந்து சொன்னதுக்கு நான் கையைத் தட்டிக் குடுத்து, போனா போகட்டும் விடுன்னு சொல்லியிருக்கேன்.

"பெரியவளுக்கு வர்ற வெள்ளிக்கெழமை வளகாப்பு. இந்தப் பாட்டை நம்பித்தான் நாளு குறிச்சோம். சம்பந்தி வூட்டுக்கு அல்லாம் சொல்லிட்டோம்"னு அந்தம்மா சொல்லும்போதுதான் குரல் உடைஞ்சுது. அவர் குறுக்கே வந்து, "வுடு. தங்கச்சிக்குத் தெரியாதா? பூடும்னு சொன்னேன், பூடட்டும்னுச்சு. தெரிஞ்சே கேக்குதுன்னா எம்மாம் பெரிய விசயமோன்னுதான் நானும் வுட்டேன்"னார்.

கோபமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னார். "எனக்கு அந்த வார்த்தை தெரியாதுண்ணா"ன்னு முணுமுணுத்தேன். "ராயபுரம்னியாமே"ன்னு அந்தம்மா கேட்டாங்க. அவங்க பேசற மாதிரியே பேசி, அவங்க சொன்னதைக் கேக்காம நின்னவ நான். எங்க டீச்சரம்மா இங்கிலீஷ் கலந்து கேட்டிருந்தாகூட அவர் நிதானமா விளக்கிச் சொல்லிட்டுப் போயிருப்பார்.

அவங்க ரெண்டு பேரும் அவசர அவசரமா படகைத் தள்ளினாங்க. கொக்கு எழும்பிப் பறந்தது. அதை யாரும் பார்க்கிற நிலைமையில இல்ல, கேமராக்காரர் மட்டும் பழக்கதோஷத்துல அமுக்கிக்கிட்டே இருந்தார். எங்க ஆளுங்க கார்கிட்ட போயிட்டாங்க. நான் போகல. கரையிலயே நின்னேன். அவங்க கம்பு நட்டு, வலையைக் கட்டி, காத்திருந்து இழுத்தாங்க. பிளாஸ்டிக் கவரும், சேறும், அடியில ஒரு கை இறாலும் வந்தது. அவங்க கொண்டுவந்த கூடையோட அடியைக்கூட அது மறைக்கல.

கரைக்கு வந்ததும் நான் ஓடிப் போய், "நாளைக்கு யாரு பாடுன்னு சொல்லுக்கா. நான் அவங்க வூட்டுக்கு வந்து பேசறேன். ஒரு நாள் மாத்திக் குடுக்கச் சொல்றேன்"னேன்.

"நீ பேசினது போதும்மா"ன்னாங்க அந்தம்மா. ஐஸைத் தண்ணியில கொட்டிட்டு, சாக்கை மட்டும் பிழிஞ்சு தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாங்க.

நான் ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் குழுவுல படங்கள் வந்தன. கடைசிப் படம் கொக்கு பறக்கிறது. இறக்கைக்கு அடியில வெள்ளை வெளேர்னு இருக்கு. மேல மட்டும் சாம்பலும் கறுப்புமா எண்ணெய்க் கறை, இறகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருக்கு. அலகு கறுப்பு, ஒல்லி. அது கரைக்கொக்கே இல்ல. நம்ம தெருக் கால்வாயில தினம் நிக்கிற சின்னக் கொக்கு. எங்கயோ எண்ணெயில விழுந்து எழுந்து வந்திருக்கு. அவ்வளவு நேரம் அது நகராம நின்னதுக்கும் காரணம் புரிஞ்சுது. உடம்புக்கு முடியாம நின்ன ஒரு ஜீவனைப் பார்த்துத்தான் நாங்க கை குலுக்கிக்கிட்டோம். "சாயம் வெளுத்துப் போச்சு"ன்னு ஒருத்தர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். தப்பா ஒண்ணும் சொல்லல. கேமராக்காரர் மட்டும், "விடுங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்"னு எழுதியிருந்தார். எனக்குப் போனைத் தூக்கிப் போட்டுடலாம்னு இருந்தது.

கார்த்திகை பொறந்ததும் ஒரு நாள் தனியா போனேன். வளைகாப்புப் பொண்ணுக்குன்னு ஒரு புடவை, அதுக்கு ஜாக்கெட் பிட்டு, லைனிங் எல்லாம் எடுத்துக்கிட்டேன். கரையில படகு நிழல்ல உக்காந்து அவர் வலைக்குத் தையல் போட்டுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி"ன்னார். வளைகாப்பு எப்படி நடந்ததுன்னு கேட்டேன். "வூட்டோட முடிச்சுட்டோம். சம்பந்தி வூட்டுல கொஞ்சம் மொணமொணன்னாங்க. அவ்ளோதான்."

மன்னிப்புக் கேக்கணும்னு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்ததை ஆரம்பிக்கறதுக்குள்ள அவர் கேட்டார். "அந்தப் பறவை பேப்பர்ல வந்துச்சா? எம் பாடு அன்னிக்கு ஒரு ஃபாரின் பறவை வந்து குந்திக்கினு இருந்துச்சுன்னு அல்லாராண்டையும் சொல்லிக்கீறேன். எங்க வூட்ல மட்டும் இன்னும் பேச்சு நிக்கல. அப்டியாப்பட்ட பறவைக்குத்தாண்டி வுட்டுக் குடுத்தேன்னு சொல்லுவேன், அப்ப கொஞ்சம் அடங்கும்."

சொல்லாம விட்டிருக்கலாம். ஆனா இன்னொரு தடவை அந்த மனுஷனை ஏமாத்த எனக்கு வாய் வரல. "அது நம்ம வெள்ளைக் கொக்குண்ணா. எண்ணெ பட்டுக் கறுத்துப் போயிருந்துச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்"னேன்.

ஊசி பிடிச்ச கை அப்படியே நின்னது. "நம்ம கொக்கா?"ன்னு கேட்டார். "ஆமாண்ணா." திட்டுவார்னு காத்திருந்தேன். மெதுவா, "வூட்டாண்ட சொல்லிடாத"ன்னார்.

அதுக்குள்ள அந்தம்மாவே டீயோட வந்துட்டாங்க. புடவையை வாங்கிப் பிரிச்சு, "கலரு நல்லா கீது"ன்னு மடிச்சு மடியில வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் என் முகத்தை நேராப் பார்த்து, "அது நெசமாவே அப்டியாப்பட்ட பறவையாம்மா?"ன்னு கேட்டாங்க.

அவர் குனிஞ்சு நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டிருந்தார். நான், "ஆமாக்கா. ரொம்ப அபூர்வம். நாங்க யாருமே அதுவரைக்கும் பார்த்ததில்ல"ன்னேன்.

"அப்ப சரி"ன்னு அந்தம்மா டீ டம்ளரை என் கையில குடுத்தாங்க.

கடையில நாள் முழுக்க அண்ணா, அக்கான்னு எத்தனை பேரைக் கூப்பிடறேன், அதெல்லாம் வாய்ப் பழக்கம்; அந்த ஒரு மனுஷன்தான் அதை நிஜம்னு நம்பித் தன் முறையை எனக்காக விட்டுட்டு உக்காந்திருந்தார், அவருக்குத் தங்கச்சியா நின்னு நான் செய்ய முடிஞ்சதெல்லாம் அவர் பொண்டாட்டிகிட்ட ஒரு பொய் சொன்னதுதான்னு நினைக்கும்போது, இன்னிக்கும் எனக்கு வெக்கமா இருக்கு.